அறுபத்தொரு துளை

நாலாவது டிரில் பிட்டும் உடைந்து, துண்டு என் மூக்குக் கண்ணாடியில் பட்டுத் தெறித்தபோதுதான் தங்கை வாயைத் திறந்தாள். அதுவரை மூன்று நாளாக, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, பால்கனிக் கதவின் கண்ணாடிக்கு உள்பக்கம் நின்று, நான் துளை போடும் அழகை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு வேறு. கடையில் மற்றவர்கள் வேலையைப் பார்த்து நான் சிரிப்பேனே, அதே சிரிப்பு.

"அக்கா, நீ எந்திரி. நான் போடறேன்."

பிள்ளை பெற்று மூன்று மாதம்கூட ஆகவில்லை, பேசாமல் போய்ப் படு என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு மீதமிருந்த ஒரே ஒரு பிட்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். குண்டூசி கனம்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம். உதிரி பாகக் கடையைப் பூட்டிவிட்டார்கள், இனி திங்கள்கிழமைதான் திறப்பார்கள். ஞாயிறு மாலை நாலு மணிக்குத் தங்கையின் கணவர் வருகிறார்.

எதற்கு இந்தப் பாடு என்று சொல்லிவிடுகிறேன். என் தங்கைக்குக் காது கேட்காது. நாலு வயதில் வந்த காய்ச்சலோடு போனது. கருவி மாட்டினால் இடி இடிப்பதும் லாரி ஹார்னும் கேட்கும், அவ்வளவுதான். அதையும் தூங்கும்போது கழற்றிவிடுவாள். எதிரில் இருப்பவரின் வாயசைவைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்வாள். பேசவும் செய்வாள், கொஞ்சம் தட்டையான குரலில், ஒரு வார்த்தைகூட வீணாக்காமல். பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் கூடத்தில் அவளுக்கு வேலை. அவள் கணவர் பேக்கரியில் இரவு வேலை பார்ப்பவர். சாயங்காலம் போனால் விடிந்துதான் வீடு திரும்புவார். பிரசவத்துக்கு எங்களிடம் வந்தவள் இப்போது திரும்பிப் போக வேண்டும். வேலையும் அங்கே, வீடும் அங்கே, புருஷனும் அங்கே.

போகக் கூடாது என்றாள் அம்மா. ராத்திரி குழந்தை அழுதால் யாருக்குக் கேட்கும் என்று மூன்று முறை கேட்டாள். பிள்ளைக்கு இரண்டு வயதாகட்டும், தானாக எழுந்து வந்து தாயைத் தொட்டு எழுப்பத் தெரியட்டும், அதுவரை இங்கேயே இருக்கட்டும் என்பது அம்மாவின் தீர்ப்பு. தங்கை அன்றைக்குச் சாப்பிடவில்லை.

காது விஷயத்தில் அம்மாவோடு மல்லுக்கட்ட முடியாது. தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் இணைப்புக் கொடுத்தவள். மூன்றாவது வீட்டில் பால் பொங்கினால் இங்கிருந்தே அடுப்பை அணைக்கச் சொல்வாள். நானும் தங்கையும் சின்ன வயதில் சத்தமே இல்லாமல் சைகையில்தான் ரகசியம் பேசுவோம். அதுவும் தங்கைக்காக இல்லை, அம்மாவுக்குப் பயந்து.

தங்கையும் சும்மா இருக்கவில்லை. கடையில் விற்கும் அழுகை மணி ஒன்றை வாங்கிவந்தாள். சத்தம் கேட்டால் விளக்கு மின்னும். கதவு சாத்தினால் மின்னியது, பைக் போனால் மின்னியது, மாடி வீட்டுக்காரர் தும்மினால் மின்னியது. முதல் ராத்திரி அவள் பதினோரு முறை பதறி எழுந்தாள். குழந்தை அழுதது ஒரே முறை. அந்த ஒரு முறை, களைப்பில் விளக்கு மின்னியது தெரியாமல் தூங்கிவிட்டாள். இதையெல்லாம் எண்ணிக்கொண்டு விழித்திருந்தது அம்மா என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்போதுதான் நான் வாயைக் கொடுத்தேன். நான் செய்து தருகிறேன் என்றேன்.

எனக்குத் தொழில், மின்னணு எடை இயந்திரங்களைப் பழுது பார்ப்பது. காய்கறிக் கடையிலிருந்து நகைக் கடை வரைக்கும் இந்த வட்டாரத்தில் உள்ள தராசுகள் பாதிக்குமேல் என் மேஜைக்கு வந்து போனவை. நான் சரி செய்து அனுப்பியது அரை கிராம்கூட இப்படி அப்படிப் போகாது. இதை நானே சொல்லிக்கொள்வது அழகில்லை என்று அம்மா சொல்வாள். வேறு யாரும் சொல்லாதபோது நான் என்ன செய்வது?

ஒரு வாரத்தில் ஒன்று செய்தும் விட்டேன். தொட்டில் பக்கம் ஒரு சின்ன மைக். தலையணைக்கு அடியில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் இருபத்தெட்டு கால் உள்ள ஒரு சிப், ஒரு மோட்டார். குழந்தை அழுவதற்கு ஒரு தாளம் உண்டு. வீறிடும், மூச்சு வாங்கும், மறுபடி வீறிடும். அந்தத் தாளத்தை மட்டும் கண்டுபிடிக்கச் சிப்புக்குச் சொல்லிக் கொடுத்தேன். கண்டுபிடித்தால் மோட்டார் தலையணையைக் குலுக்கும். பைக்குக்கும் தும்மலுக்கும் குலுக்காது. தங்கை அதற்கு 'குலுக்கி' என்று பெயர் வைத்தாள்.

குலுக்கி நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் நான் அதை, கம்பிகளைச் சும்மா செருகிப் பார்க்கும் சோதனைப் பலகையில் செய்திருந்தேன். மோட்டார் குலுக்கிய குலுக்கலில் செருகிய கம்பிகள் ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன. மூன்றாவது சோதனையில் தன்னைத்தானே குலுக்கி, தானே செத்துப்போனது. அம்மா சிரித்த சிரிப்பு மாடி வீடு வரை கேட்டிருக்கும்.

ஒழுங்கான போர்டில் வைத்து ஈயம் வைத்துப் பற்றவைத்தால் கழலாது. போர்டு செய்யும் தொழிற்சாலையில் கேட்டால் மூன்று வாரம் என்றார்கள். அம்மா அதற்குள் கெடு வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வரும்போது அது தன் கண் முன்னால் வேலை செய்ய வேண்டும், செய்தால் கூட்டிக்கொண்டு போகட்டும், இல்லையென்றால் இரண்டு வருஷம். தங்கை என்னைப் பார்த்தாள். நான் போர்டையும் வீட்டிலேயே செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

போர்டு செய்வது கேட்பதற்குச் சுலபம். கம்பிகளுக்குப் பதிலாகக் கோடுகள் வரைந்த படத்தைப் பளபளப்பான தாளில் அச்சடித்து, செம்புத் தகடு ஒட்டிய பலகையில் கவிழ்த்து, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் கறுப்பு மை செம்பில் ஒட்டிக்கொள்ளும். பிறகு செம்பைத் தின்னும் பழுப்புத் தண்ணீரில் போட்டால், மை மூடிய இடம் போக மீதிச் செம்பெல்லாம் கரைந்துவிடும். கோடுகள் நிற்கும், கோடுகளின் முனையில் மிளகைவிடச் சின்ன வட்டங்கள் நிற்கும். அந்த வட்டங்கள் ஒவ்வொன்றின் நட்ட நடுவிலும் ஒரு துளை போட வேண்டும். சிப்பின் கால்கள் அதில் இறங்கும். மொத்தம் அறுபத்தொரு வட்டம்.

அதில்தான் என் வண்டவாளம் தண்டவாளம் ஏறியது. பிட் செம்பின் மேல் வழுக்கும். நான் நடுவில் வைத்தால் அது ஓரத்தில் போய் உட்காரும். ஓரத்தில் போட்டால் வட்டமே பெயர்ந்து வந்துவிடும். கெட்டியான பிட்தான், ஆனால் பக்கவாட்டில் லேசாகச் சாய்த்தாலே பட்டென்று போய்விடும். முதல் பிட் நான் சாய்த்ததில் போனது. இரண்டாவது, அம்மாவால். எங்கள் வீட்டில் தங்கையைக் கூப்பிட வேண்டுமென்றால் குரல் கொடுப்பதில்லை, தரையைக் காலால் ஓங்கித் தட்டுவோம். அதிர்வு தெரிந்து திரும்பிப் பார்ப்பாள். சாப்பாட்டுக்கு வா என்று அம்மா ஒரு தட்டுத் தட்டினாள். தங்கை திரும்பினாள், பிட் உடைந்தது. மூன்றாவது பாதி இறங்கிச் சிக்கிக்கொண்டது, கோபத்தில் வெடுக்கென்று இழுத்தேன். நாலாவதுதான் கண்ணாடியில் தெறித்தது. இதில் இரண்டு போர்டு பாழ். எதிலும் பத்துத் துளையைத் தாண்டவில்லை.

வெள்ளி இரவே மூன்றாவது போர்டைத் தேய்த்து, கரைத்து, கழுவி வைத்துவிட்டுப் படுத்தேன். சனிக்கிழமை காலை பல் துலக்கிவிட்டு வந்து பார்த்தால் என் நாற்காலியில் தங்கை. முகத்தில் முகமூடி, கண்ணில் பூதக்கண்ணாடி, மேஜையில் தன் வேலைக் கருவிப் பை விரித்து வைத்திருக்கிறாள். குழந்தை உள்ளே அம்மாவிடம். நான் முன்னால் போய் நின்று கையை ஆட்டினேன். பார்த்தாள், பார்க்காததுபோல் குனிந்துகொண்டாள்.

சரி, இன்னும் ஒரு பிட்தானே, அதையும் உடைத்துவிட்டுப் போகட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவள் முதலில் டிரில்லைத் தொடவே இல்லை. மெழுகில் பல் செதுக்கும் ஊசி ஒன்றை எடுத்து ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் மெதுவாக அழுத்தி ஒரு புள்ளிக் குழி வைத்தாள். அறுபத்தொன்றுக்கும். அதற்கே அரை மணி நேரம். வழுக்குகிற பிட்டுக்கு உட்கார ஒரு இடம் வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பிறகு போர்டுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வைத்து நாலு பக்கமும் ஒட்டினாள். விளக்கை மேலிருந்து இறக்கிப் பக்கவாட்டில் வைத்தாள். குழிகளில் நிழல் விழுந்து ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தது. அதற்கப்புறம்தான் டிரில்.

என்னுடைய கோணல் ஸ்டாண்டை எடுத்துக் கீழே வைத்துவிட்டாள். பேனா மாதிரி டிரில்லைப் பிடித்து, சுண்டுவிரலைப் போர்டின் மேல் ஊன்றிக்கொண்டாள். ஊன்றிய விரல் நகரவே இல்லை, மற்ற விரல்கள் மட்டும் இறங்கின. நான் மோட்டாரின் சத்தத்தை வைத்துத்தான் பிட் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போடுவேன், தாமதமாகவே போடுவேன். அவளுக்குச் சத்தமே இல்லை. செம்பு முடிந்து பலகை தொடங்குவதும், பலகை முடிந்து மரம் தொடங்குவதும் அந்தச் சுண்டுவிரலில் தெரிந்துவிடுகிறது. மரம் தட்டியதும் எடுத்துவிடுவாள். ஒன்று, இரண்டு, மூன்று. எண்ணிக்கொண்டே வந்தேன். இருபதுக்குமேல் எண்ணுவதை விட்டுவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணிக்குள் அறுபத்தொன்றும் முடிந்தது. பிட் முழுசாக இருந்தது.

போர்டைத் தூக்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். அறுபத்தொரு வெளிச்சப் புள்ளிகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரே அளவில் செம்பு வளையம். எனக்குப் பொறாமையாக இருந்தது, அதைவிடப் பெருமையாக இருந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் முகமூடிக்குள்ளே சிரித்தாள்.

சிப்பை எடுத்து மேலே வைத்தேன். முதல் கால் துளையில் இறங்கியது. இரண்டாவது இறங்கியது. மூன்றாவது, நாலாவது உரசிக்கொண்டு நின்றன. ஏழாவது கால் துளையின் ஓரத்தில். பதினாலாவது கால் துளைக்கு வெளியே, செம்பின் மேல், ஒரு முழு மில்லிமீட்டர் தள்ளி நின்றது. திருப்பி வைத்தேன். அந்தப் பக்கமும் அதே கதை. அழுத்தினேன். ஒரு கால் வளைந்தது.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். மூன்று நாள் உழைப்பு, இருந்த பிட் ஒன்று, நாளைக்குக் கெடு. என் தங்கையிடம் முணுமுணுக்க முடியாது. திட்டுவதென்றாலும் முகத்துக்கு நேரே, உதடு தெரியத்தான் திட்ட வேண்டும். அப்படித்தான் திட்டினேன்.

"ஒண்ணுகூட எடத்துல இல்ல. கை நடுங்கிருக்கு உனக்கு. நான் அப்பவே போய்ப் படுன்னு சொன்னேன்ல?"

அவள் போர்டை வாங்கிப் பார்த்தாள். சிப்பை வைத்துப் பார்த்தாள். முகம் சுருங்கியது. முகமூடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். சமையலறையிலிருந்து, இரண்டு கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, அம்மாவின் குரல் வந்தது. நடக்காத காரியத்துக்கு எதற்குப் பிள்ளையின் ஆசையைக் கிளப்பிவிட்டாய் என்று என்னைக் கேட்டாள்.

உட்கார்ந்து போர்டை வெறித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு தப்பு என்றாவது தெரியட்டும் என்று அளவுகோல் இடுக்கியை எடுத்து முதல் துளைக்கும் இரண்டாவதுக்கும் உள்ள தூரத்தை அளந்தேன். 2.46. இருக்க வேண்டியது 2.54 மில்லிமீட்டர். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும், 2.46. அடுத்தது, 2.46. அடுத்த வரிசைக்குப் போனேன். 2.46.

கடைக்கு ஒரு தராசு வரும். ஒரு மூலையில் வைத்தால் குறைவாகவும் இன்னொரு மூலையில் வைத்தால் கூடவும் காட்டினால், அது அடிபட்ட தராசு. ஆனால் எந்த எடை வைத்தாலும் நூற்றுக்கு மூன்று என்று ஒரே கணக்காகக் குறைத்துக் காட்டினால், தராசின் மேல் தப்பே இல்லை. அதற்கு அளவு சொல்லிக் கொடுத்தவன் தப்பாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். நடுங்குகிற கை ஒரு துளையை இப்படியும் ஒரு துளையை அப்படியும் போடும். அறுபத்தொன்றையும் ஒரே மாதிரி தப்பாகப் போட எந்த நடுங்கும் கையாலும் முடியாது.

எழுந்து போய்க் கணினியைத் திறந்தேன். அச்சடிக்கும் பக்கத்தில் 'தாளுக்குள் அடக்கு' என்ற கட்டத்தில் டிக் இருந்தது. பக்கத்திலேயே சின்ன எழுத்தில்: தொண்ணூற்றேழு சதவீதம். படத்தை மூன்று சதவீதம் சுருக்கி அச்சடித்திருக்கிறது. மூன்று போர்டும் அப்படித்தான். சிப்புக்குப் பொருந்தாத போர்டில் என் தங்கை அச்சுப் பிசகாமல் துளை போட்டிருக்கிறாள். அரை கிராம் குறைத்த கடைக்காரர்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்கிற நான், படத்தை அளந்து பார்க்காமல் அச்சடித்திருக்கிறேன். யாராவது கடையில் இந்தக் கதையைக் கேட்டால் நான் அங்கே தலை காட்ட முடியாது.

உள்ளே போனேன். கட்டிலில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் போய் நின்றதும் கண்ணை மூடிக்கொண்டாள். சின்ன வயதிலிருந்து அவளுடைய ஆயுதம் அது. மற்றவர்கள் சண்டையில் கதவைச் சாத்துவார்கள். இவள் கண்ணை மூடினால் நாம் என்ன கத்தினாலும் பிரயோஜனமில்லை. மன்னிப்பையும் சேர்த்து மூடிவிடுவாள்.

அச்சடித்ததில் மீந்த தாள் ஒன்றை எடுத்து, கடைசி வட்டத்தை ஊசியால் குத்தி, கட்டிலில் வைத்தேன். அதன் மேல் சிப்பை வைத்து, அவளுடைய சும்மா இருந்த கையைப் பிடித்து, கட்டைவிரலால் தடவ வைத்தேன். சிப்பின் கடைசிக் கால், தாளில் உள்ள கடைசி வட்டத்தைத் தாண்டி நின்றது. இரண்டு முறை தடவினாள். ஒரு கண்ணை மட்டும் திறந்து தாளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"துளை சரியாத்தான் போட்டிருக்கே. படம்தான் தப்பு. என் தப்பு," என்றேன். "கை நடுங்குச்சுன்னு சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோ."

இரண்டாவது கண்ணையும் திறந்தாள். "நீ தராசுக்காரி," என்றாள். "வெளிய சொல்லாத." குழந்தை குலுங்கும் அளவுக்குச் சிரித்தாள்.

மதியத்துக்குள் டிக்கை எடுத்துவிட்டு மறுபடி அச்சடித்தேன். தாளை இடுக்கியால் மூன்று முறை அளந்த பிறகே இஸ்திரிப் பெட்டியைத் தொட்டேன். பழுப்புத் தண்ணீர் என் நல்ல சட்டையில் கொட்டியது, பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். நாலு மணிக்குத் தங்கை மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். ஊசி, அறுபத்தொரு குழி, மரத்துண்டு, பக்கவாட்டில் விளக்கு, சுண்டுவிரல். இந்த முறை பிட் கொஞ்சம் மழுங்கியிருந்தது. ஒவ்வொரு துளைக்கும் முன்பைவிட நேரம் எடுத்தாள். இது உடைந்தால் திங்கள்கிழமை வரை எதுவும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும், அதனால் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

நாற்பத்தேழாவது துளை. பிட் பாதி இறங்கியிருந்தது. உள்ளே குழந்தை சிணுங்கியது. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். அம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடத்தைத் தாண்டி வருகிறாள். தங்கை முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறாள். அம்மா கதவருகில் வந்து, வழக்கம்போல் வலது காலைத் தூக்கினாள்.

கத்தினால் அம்மா திடுக்கிட்டுக் காலை இன்னும் ஓங்கிப் போடுவாள். எப்படி எழுந்தேன், எப்படிக் கதவைத் திறந்தேன் என்று தெரியவில்லை. தரையில் சறுக்கி விழுந்து, அந்தரத்தில் இருந்த அம்மாவின் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் கதவு.

"என்னடி இது, விடு. விழுந்துருவேன்."

"மெதுவா எறக்கும்மா. மெதுவா."

நான் பிடித்துக்கொண்டே அந்தக் காலைப் பஞ்சுப் பொதியை இறக்குவதுபோல் தரையில் வைத்தேன். தங்கை எதையும் கவனிக்காமல் நாற்பத்தெட்டாவதுக்குப் போயிருந்தாள். அம்மா என்னைத் தாண்டி அவளைப் பார்த்தாள். மகள் வேலை செய்வதை அம்மா அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன். சிணுங்கிய குழந்தையை இடுப்பில் ஆட்டிக்கொண்டே, கடைசித் துளை முடியும் வரைக்கும், கதவருகில் ஒரு சத்தமும் இல்லாமல் நின்றாள்.

அறுபத்தொன்று. சிப்பை எடுத்து வைத்தேன். இருபத்தெட்டுக் கால்களும் ஒரே அழுத்தில் உள்ளே போயின. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூசி என்று சொன்னேன். முகமூடி போட்டுக்கொள்ளாததற்குத் திட்டு வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்குக் குலுக்கியைத் தலையணைக்கு அடியில் வைத்தோம். பற்றவைத்த போர்டைக் கையில் பிடித்துத் தட்டி, உதறி, ஒரு முறை கீழேகூடப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் கழலவில்லை. தங்கை காதுக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தாள். நேற்றைய களைப்பில் ஐந்து நிமிடத்தில் தூங்கிவிட்டாள். குழந்தை பக்கத்தில் தொட்டிலில். இனி குழந்தை அழ வேண்டியதுதான் பாக்கி.

குழந்தை அழவில்லை. பிறந்ததிலிருந்து இந்த வீட்டைத் தலைகீழாக்கியவள், அன்றைக்குப் பார்த்து, கையை விரித்துப் போட்டுக்கொண்டு சொகுசாகத் தூங்கினாள். மூன்று மணி. மூன்றரை. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. தொட்டில் பக்கம் குனிந்து, மைக்கிடம் வாயை வைத்து, குழந்தை மாதிரி அழுது காட்டினாள். முப்பது வருடம் எத்தனையோ குரல்களைக் கேட்டவள், நன்றாகத்தான் அழுதாள். குலுக்கி அசையவில்லை. தங்கையும் அசையவில்லை. மெஷின் வேலை செய்யவில்லை என்று அம்மா நிமிர்ந்தாள். வேலை செய்வதால்தான் உன் அழுகையை நம்பவில்லை என்றேன். அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

நாலு மணிக்கு மாப்பிள்ளை வந்தார். இரவு முழுக்க அடுப்பில் நின்ற முகம், கையில் இரண்டு ரொட்டி. சோதனை எப்படிப் போனது என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். சமையலறையில் உட்கார வைத்து அம்மாவும் நானும் ஒரே நேரத்தில் பதில் சொன்னோம். குலுக்கிக்குக் குழந்தையின் அழுகைக்கும் கிழவியின் அழுகைக்கும் வித்தியாசம் தெரியும் என்றேன். கிழவியா என்றாள் அம்மா. அப்புறம் குலுக்கியை விட்டுவிட்டு, நான் ஐந்தாவது வகுப்பில் உடைத்த கடிகாரத்திலிருந்து தொடங்கினாள். நானும் விடவில்லை. மாப்பிள்ளை நடுவில் உட்கார்ந்து, யார் பேசினாலும் தலையாட்டிக்கொண்டு, தான் கொண்டுவந்த ரொட்டியைத் தானே தின்றார்.

எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது. மாப்பிள்ளையின் தலையாட்டல் நின்றது. அவர் சமையலறை வாசலைப் பார்த்தார். நாங்களும் திரும்பினோம்.

தங்கை நின்றுகொண்டிருந்தாள். தலைமுடி கலைந்து, கன்னத்தில் தலையணை மடிப்பு, தோளில் குழந்தை. குழந்தையின் கன்னம் ஈரமாக இருந்தது, இன்னும் விக்கிக்கொண்டிருந்தது. காதுக்கருவி அவள் காதில் இல்லை.

"பாப்பா அழுதா," என்றாள். "மூணு பேரு இருக்கீங்க. ஒருத்தருக்கும் கேக்கலையா?"

நான் அம்மாவைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பது அவ்வளவு சுலபமாகவும் இல்லை. அம்மா எழுந்து போய், குழந்தையின் கன்னத்தைத் தன் விரலால் துடைத்தாள். துடைத்த விரலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சாப்ட்டுக் கெளம்புங்க, மாப்பிள்ளை," என்றாள். "இருட்டறதுக்குள்ள போய்ச் சேரணும்."

தங்கை அப்படியே கணவரின் தோளில் சாய்ந்துவிட்டாள். நான் எழுந்து போய்க் குலுக்கியைத் துணியில் சுற்றி, உடையாத அந்த ஒரே பிட்டையும் கூடவே ஒரு சின்னக் குப்பியில் போட்டு, அவளுடைய கருவிப் பையில் வைத்தேன். அது அவளுக்குத்தான் சேர வேண்டும்.

அறைக்குள் அம்மா குழந்தையின் துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மடித்ததையே மறுபடி மடித்தாள். நான் உதவிக்குப் போனேன். என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்.

"அங்க பாப்பா அழுதா இங்க எனக்குக் கேக்கற மாதிரி ஒண்ணு செய்ய முடியுமா?"

இத்தனை நாள் இவள் தங்கையின் காதை நினைத்துத்தான் பிடிவாதம் பிடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெறும் வீட்டை நினைத்தும் பிடித்திருக்கிறாள்.

"முடியும்," என்றேன். "ஆனா நூறு துளைக்கு மேல வரும். நான் போட்டா என்ன ஆகும்னு உனக்கே தெரியும். போடறவதான் வந்து போடணும்."

அம்மா பெட்டியை மூடினாள். கூடத்துக்கு வந்தாள். தங்கை முதுகைக் காட்டிக்கொண்டு குழந்தைக்குக் குல்லாய் மாட்டிக்கொண்டிருந்தாள். அம்மா வலது காலைத் தூக்கி, தரையை ஒரு தட்டுத் தட்டினாள். தங்கை திரும்பினாள்.

"அடுத்த ஞாயித்துக்கெழம வந்துரு," என்றாள் அம்மா, ஒவ்வொரு வார்த்தையும் உதட்டில் தெளிவாகத் தெரியும்படி. "வேலை இருக்கு."